ஒரே சூடு, வேறு வேறு முடிவு

இதயத் துடிப்பு தாறுமாறாகிறவர்கள், கோளாறான இடத்தைச் சுட்டுவிடும் அப்ளேஷன் சிகிச்சையைச் செய்துகொண்டால் குணமாகிவிடுமா? எந்தத் துடிப்புக் கோளாறு என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

செய்முறை ஏறத்தாழ ஒன்றுதான். தொடை இடுக்கின் சிரை வழியே கதீட்டர் என்னும் மெல்லிய குழாயை இதயத்துக்குள் கொண்டுபோய், தப்பான மின்சாரம் ஓடும் இடத்தை ரேடியோ அலை ஆற்றலால் சுடுகிறார்கள். 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிய திசு மீளாது, வடுவாகிவிடும். வடுவில் மின்சாரம் ஓடாது.

திடீரென நிமிடத்துக்கு 180 வரை எகிறி, திடீரென அடங்கும் படபடப்பு சிலருக்கு உண்டு. அவர்களில் பலருக்கு, மேலறையையும் கீழறையையும் இணைக்கும் ஏவி கணுவை ஒட்டி இரண்டு பாதைகள் இருக்கும். மின்சாரம் ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறிச் சுற்றிக்கொண்டே இருக்கும். மெதுவான பாதையில் சில மில்லிமீட்டர் சுட்டாலே சுற்று அறுந்துவிடும். 100 பேரில் 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். பயமெல்லாம் பக்கத்திலேயே இருக்கும் கணுவைப் பற்றித்தான். சுடும்போது மேலறைத் துடிப்பு ஒன்று கீழறைக்குப் போய்ச் சேரவில்லை என்று திரையில் தெரிந்தால், அந்தக் கணமே ஆற்றலை நிறுத்திவிடுவார்கள். கணு கெட்டால் ஆயுளுக்கும் பேஸ்மேக்கர்தான். நல்லவேளையாக, அது அரிது.

இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இவ்வளவு எளிதில் மடங்காது. அதைக் கிளப்பிவிடும் துடிப்புகளில் பெரும்பாலானவை நுரையீரல் சிரைகளிலிருந்தே புறப்படுகின்றன என்று 1998இல் பிரான்சின் போர்தோ நகரில் மிஷெல் ஹைசாகேர் குழு காட்டியது. அதனால் இன்று அந்தச் சிரைகளின் வாயைச் சுற்றி வளையமாகச் சுடுகிறார்கள், அல்லது பலூனால் உறையவைக்கிறார்கள். சிக்கல் அங்கேதான். குளத்துக் கரையைப் போல, ஓரிடத்தில் விரிசல் விட்டாலும் மொத்த வளையமும் வீண். சிகிச்சை முடிந்த அன்று திசு வீங்கியிருப்பதால் எல்லாம் அடைபட்டதுபோலத் தெரியும். வீக்கம் வடிந்ததும் சாகாமல் மயங்கிக் கிடந்த செல்கள் மறுபடி மின்சாரத்தைக் கடத்தும். விட்டுவிட்டு வரும் வகையில், ஒரே சிகிச்சையில் கோளாறு திரும்பாமல் ஓராண்டு தப்புபவர்கள் சுமார் 70 சதவீதம். நிலைத்துவிட்ட வகையில் இன்னும் குறைவு. முதல் இரண்டு மூன்று மாதங்களில் வரும் படபடப்பைத் தோல்விக் கணக்கில் சேர்ப்பதில்லை. காயம் ஆறும்போது அது சகஜம்.

அந்தக் கணக்கே கொஞ்சம் விசித்திரமானது. ஆய்வுகளில் 30 விநாடி ஃபிப்ரிலேஷன் பதிவானாலே ‘திரும்பிவிட்டது’ என்று எழுதிவிடுவார்கள். கனடாவில் அப்ளேஷன் செய்துகொண்ட 346 பேருக்குத் தோலுக்கடியில் கருவி வைத்து இடைவிடாமல் கண்காணித்தபோது, ஏறக்குறையப் பாதிப் பேர் ஓராண்டுக்குள் ‘தோற்றார்கள்’. ஆனால் கோளாறில் கழிந்த மொத்த நேரமோ 98 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது! நோயாளிக்கு இந்த இரண்டாவது எண்தான் முக்கியம் என்பது என் கட்சி.

ஆயுளைக் கூட்டுமா என்பது வேறு கேள்வி. 2,204 பேரை வைத்து நடந்த கபானா ஆய்வின் முடிவு 2019இல் வந்தது. மரணம், கடும் பக்கவாதம், பெரிய ரத்தக்கசிவு, இதய நிறுத்தம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால், மருந்துக்கும் அப்ளேஷனுக்கும் இடையே உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசமில்லை. வாழ்க்கைத் தரம் மட்டும் அப்ளேஷன் பக்கம் கூடியிருந்தது. ஆகவே துடிப்பு சீரானதும் பக்கவாதத்தைத் தவிர்க்கத் தரும், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. அதைத் தொடர்வதா என்பதை வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, முன்பு பக்கவாதம் வந்ததா என்பதையெல்லாம் பார்த்தே மருத்துவர் முடிவு செய்வார்.