ட்ரோப் வேறு, தேய்வழக்கு வேறு

அறிவியல் புனைவுத் தொடர்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள், கதைகளில் திரும்பத் திரும்ப வரும் சூழலைக் குறிக்கும் 'ட்ரோப்' (trope) என்ற ஆங்கிலச் சொல் எதிர்ப்பட்டதும் 'தேய்வழக்கு' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். 'சாத்தானுடன் ஒப்பந்தம் என்னும் தேய்வழக்கு இந்தக் கதையில் அழகாகக் கையாளப்பட்டுள்ளது' என்கிற மாதிரி வாக்கியங்கள் இன்று சர்வசாதாரணம். தேய்ந்துபோனது என்று முதலில் தீர்ப்பு எழுதிவிட்டு, உடனே அழகு என்று பாராட்டினால் படிக்கிறவர் எதை எடுத்துக்கொள்வது? குற்றம் எழுதியவரின் ரசனையில் இல்லை, அவர் கையில் எடுத்த சொல்லில் இருக்கிறது.

கிரேக்கத்தில் 'ட்ரோபோஸ்' என்றால் திரும்புதல், திசை, விதம். திருப்புவதைக் குறிக்கும் 'ட்ரெபெய்ன்' என்ற வினையிலிருந்து வந்த பெயர். இலத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் ஆங்கிலத்தில் இருக்கும் பெயர் இதே வேரிலிருந்து வந்ததுதான். சூரியன் திரும்பும் இடம் என்பது கருத்து. அணியிலக்கணக்காரர்கள் ஒரு சொல்லை அதன் நேர்ப்பொருளிலிருந்து திருப்பி வழங்குவதை ட்ரோப் என்றார்கள். நம்முடைய உருவகமும் ஆகுபெயரும் அந்த வகைக்குள் வரும். கதை, திரைப்படம், தொலைக்காட்சி பற்றிப் பேசும்போது இன்று புழங்கும் பொருள் மிகவும் பிந்தியது: பல கதைகளில் திரும்பத் திரும்ப வருவதும், பார்க்கிறவர் கண்டவுடன் இனங்கண்டுகொள்வதுமான ஒரு கதைச்சூழல். வேர்ச்சொல் பற்றி இவ்வளவு போதும்.

வேரைப் பிடித்துக்கொண்டு 'திருப்பம்' என்று மொழிபெயர்ப்பவர்கள் சிலர் உண்டு. அது ஆகாது. கதையில் திருப்பம் என்றால் எதிர்பாராத திசைமாற்றம் என்று தமிழில் உறுதிப்பட்டுவிட்டது. ட்ரோப் அதற்கு நேர்எதிர். எதிர்பார்ப்பை உண்டாக்குவதே அதன் வேலை. 'உருவகம்' என்று எழுதுபவர்கள் பழைய அகராதியில் முதலில் கண்ட பொருளோடு நின்றுவிட்டவர்கள். பாழடைந்த ஊரில் ஒருவன் தனியாக விழித்தெழுவது எதற்கும் உருவகமாக இருக்கவேண்டியதில்லை. இந்த இரண்டையும் இத்தோடு விட்டுவிடலாம். வேரூன்றிவிட்டது தேய்வழக்குதான், ஆகவே வாதம் அதனோடுதான்.

தேய்வழக்கு நல்ல சொல். அதை ஒழிக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. 'க்ளிஷே' என்பதற்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. பிரெஞ்சில் க்ளிஷே என்றால் அச்சுத் தகடு. ஒருமுறை வார்த்துவிட்டால் அதே பக்கத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் அடிக்கலாம். யோசிக்காமல் திரும்ப அடிப்பது, அடித்தடித்துத் தேய்வது இரண்டும் அந்தத் தமிழ்ச்சொல்லுக்குள் இருக்கின்றன. ஆனால் ட்ரோப் என்பது தேய்ந்ததா இல்லையா என்று எதுவும் சொல்லாத சொல். அது வகையின் பெயர், தரத்தின் பெயர் அன்று. வகைக்கும் தரத்துக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு விமரிசனம் எழுத முடியாது.

இதை உரசிப்பார்க்கத் தொகுப்புத் தொடரைவிட நல்ல கல் கிடையாது. 'ட்வைலைட் ஜோன்' 1959 அக்டோபர் 2 அன்று அமெரிக்காவின் சி.பி.எஸ். அலைவரிசையில் தொடங்கி 1964 வரை ஐந்து பருவங்கள், 156 அத்தியாயங்கள் ஓடியது. அவற்றில் 92 அத்தியாயங்களைத் தொடரை உருவாக்கிய ராட் செர்லிங்கே எழுதினார். ஒவ்வொரு வாரமும் புதிய ஆட்கள், புதிய உலகம். அரைமணி நேர இடத்தில் விளம்பரம் போகக் கதைக்குக் கிடைத்தது ஏறத்தாழ 25 நிமிடம். அதிலும் முன்னுரைக்கும் பின்னுரைக்கும் செர்லிங்கின் குரல் வந்துபோகும். நெடுந்தொடரில் நாயகனை நாம் முன்பே அறிவோம். இங்கே யாரையும் அறியோம். முதல் சில நிமிடங்களுக்குள் பார்வையாளருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தாக வேண்டும். அந்த வேலையைச் செய்வது ட்ரோப்.

1959 நவம்பர் 6 அன்று வந்த 'எஸ்கேப் கிளாஸ்' கதையில், இல்லாத நோய்க்கெல்லாம் படுத்துக்கிடக்கும் ஒருவனிடம் பருத்த மனிதர் ஒருவர் வந்து சாகாவரம் பேசுகிறார். வந்தவர் சாத்தான், விலை ஆன்மா என்று யாரும் பாடம் நடத்தவேண்டியதில்லை, பார்வையாளருக்கே தெரியும். விளக்கத்தில் மிச்சமான நேரமெல்லாம், சாவில்லாதவனுக்கு வாழ்க்கை எப்படிச் சலித்துப்போகிறது என்பதைக் காட்டச் செலவாகிறது. மின்சார நாற்காலியையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று கொலைப்பழியைத் தானே ஏற்கிறான். வழக்கறிஞர் திறமையாக வாதாடி ஆயுள்தண்டனை வாங்கிக் கொடுத்துவிடுகிறார். சாகாதவனுக்கு ஆயுள்தண்டனை! அந்த ஒப்பந்தம் நமக்கு முன்பே பழகியது என்பதால்தான் இந்த முடிவு இவ்வளவு கூராக இறங்குகிறது. இதில் எது தேய்ந்தது?

இன்னும் வலுவான சான்று 1960 சனவரியில் கிடைக்கிறது. 8ஆம் தேதி 'தர்ட் ஃப்ரம் தி சன்'. அணுப்போர் வரப்போகிறது என்று அஞ்சும் இரண்டு குடும்பங்கள் விண்கலத்தில் தப்புகின்றன. அவர்களைப் பூமிக்காரர்கள் என்றே நினைத்துப் பார்க்கிறோம். கடைசியில்தான் அவர்கள் பூமியை நோக்கி வருகிறவர்கள் என்று தெரிகிறது. அடுத்த வாரமே, 15ஆம் தேதி, 'ஐ ஷாட் அன் ஏரோ இன்டு தி ஏர்'. விண்கலம் விழுந்து ஏதோ சிறுகோளில் சிக்கிக்கொண்டோம் என்று நம்பும் விண்வெளி வீரர்கள். அவர்களில் ஒருவன் தண்ணீருக்காகச் சகாவைக் கொன்றுவிட்டு மேட்டில் ஏறிப் பார்த்தால், தந்திக்கம்பங்களும் நெடுஞ்சாலையும் தெரிகின்றன. அது நெவாடா பாலைவனம். பூமி என்று நினைத்தது பூமியில்லை. பூமியில்லை என்று நினைத்தது பூமி. ஒரே சட்டகம், ஏழு நாள் இடைவெளியில் இரண்டு நேர்எதிர்க் கதைகள். ஓராண்டு கழித்து, 1961 சனவரி 27 அன்று, ரிச்சர்ட் மேத்தசன் எழுதிய 'தி இன்வேடர்ஸ்' அதையே மூன்றாம் முறை எடுத்தது. தனிக்குடிசையில் வாழும் பெண்ணை மிகச்சிறிய உருவமுள்ள பகைவர்கள் தாக்குகிறார்கள். ஆக்னஸ் மூர்ஹெட் ஒரு சொல்கூடப் பேசாமல் நடித்த பாத்திரம் அது. முடிவில் அவள் உடைத்து நொறுக்கும் கலத்தின் மேல் அமெரிக்க விமானப்படையின் பெயர் எழுதியிருக்கிறது. அந்தப் பேருருவப் பெண்தான் வேற்றுக்கிரகவாசி. தேய்ந்த சரக்கு மூன்று முறை மூன்று விதமாக வெட்டுமா?

இப்போதைய தொடர்களைப் பார்த்தாலும் இதே கதைதான். 'ப்ளாக் மிரர்' தொடரில் மனத்தின் நகல் என்பது அடிக்கடி வரும். 2014 டிசம்பரில் வந்த 'ஒயிட் கிறிஸ்மஸ்' அத்தியாயத்தில் நகலெடுத்த மனத்தைச் சிறு கருவிக்குள் அடைத்து, அதன் காலத்தை மட்டும் வேகமாக ஓடவிட்டு வதைக்கிறார்கள். 2016இல் வந்த 'சான் ஜுனிபெரோ' அதே நகலைக் கடற்கரை ஊரில் குடிவைத்து, இரண்டு பெண்களின் காதலுக்குச் சாவைத் தாண்டிய இடம் தருகிறது. முன்னது நரகம், பின்னது சொர்க்கம்.

தேய்மானம் எங்கே வருகிறது என்பதையும் ட்வைலைட் ஜோனே காட்டுகிறது. 1963இல் நான்காம் பருவத்தை ஒருமணி நேரமாக நீட்டி 18 அத்தியாயங்கள் எடுத்தார்கள். அரைமணியில் பார்வையாளர் ஊகித்து முடிப்பதற்குள் கதை முடிந்துவிடும். ஒருமணியில் அவர் பாதியிலேயே ஊகித்துவிட்டு மீதியைக் காத்திருந்து கழிக்கவேண்டியிருந்தது. சட்டகம் தேயவில்லை, அளவு பொருந்தவில்லை. ஐந்தாம் பருவத்தில் அரைமணிக்கே திரும்பினார்கள். ஆனால் அந்த ஐந்தாம் பருவத்தில், 1963 நவம்பர் 29 அன்று வந்த 'ப்ரோப் 7, ஓவர் அண்ட் அவுட்' உண்மையிலேயே தேய்வழக்கு. ஆளில்லாத கிரகத்தில் ஓர் ஆணும் பெண்ணும் சந்திக்கிறார்கள். முடிவில் அவர்கள் பெயர் ஆதாம், ஏவாள். அறிவியல் புனைவு வாசகர்கள் அதற்கு முன்பே பலமுறை பார்த்துச் சலித்த முடிவு அது. இங்கே தேய்வழக்கு என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆக, ட்ரோப் தேய்ந்து தேய்வழக்கு ஆகலாம். அந்த மாற்றத்தைச் சொல்லவே நமக்கு இரண்டு சொற்கள் வேண்டும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால், ஒரு ட்ரோப் சலித்துவிட்டது என்று சொல்லவந்தவர் 'தேய்ந்த தேய்வழக்கு' என்று எழுதுவார். எழுதவும் செய்கிறார்கள்.

சரி, வேறு என்ன சொல்? 'கதைக்கூறு' என்பார்கள். மிகவும் அகலம், உடைந்த மூக்குக்கண்ணாடியும் கூறுதான், பின்னணி இசையும் கூறுதான். 'உத்தி' என்பார்கள். தொல்காப்பியமே 32 உத்தி சொல்கிறது, பழைமையில் குறையில்லை. ஆனால் உத்தி என்பது செய்முறை. 1960 நவம்பர் 11 அன்று வந்த 'ஐ ஆஃப் தி பிஹோல்டர்' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். முகமெல்லாம் கட்டுப்போட்ட பெண் ஒருத்தி; மருத்துவர், செவிலியர் முகங்களைக் கடைசிவரை நிழலிலும் முதுகுப்புறத்திலும் மறைத்தே படம்பிடித்திருப்பார்கள். கட்டை அவிழ்த்தால் அவள் அழகி, சுற்றி நிற்பவர்களோ பன்றிமூக்கர்கள். நிழலில் மறைத்தது உத்தி. அவலட்சணமே இயல்பாகிவிட்ட உலகில் ஒற்றை மனுஷி அகப்பட்டுக்கொள்வது ட்ரோப். இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால், இயக்குநரின் வேலை எது, கதையாசிரியரின் வேலை எது என்று பிரிக்க வழியில்லாமல் போகும்.

நமக்கு வேண்டிய சொல் நம் புலவர்கள் கையில் ஈராயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. அது 'துறை'. ஆநிரை கவர்தலைப் பாடும் வெட்சித்திணை 'உட்குவரத் தோன்றும் ஈரேழ் துறைத்தே', அதாவது பதினான்கு துறை உடையது என்கிறது தொல்காப்பியம். உடன்போக்கு (தலைவி தலைவனோடு வீட்டைவிட்டுப் போதல்), வெறிவிலக்கல் (தலைவியின் காதல்நோய் தீர வேலன் என்னும் பூசாரி ஆடும் வெறியாட்டைத் தடுத்தல்), மகட்பாற் காஞ்சி (பெண் கேட்டு வந்த வேந்தனுக்குத் தர மறுப்பதால் எழும் சூழல்) எல்லாம் துறைகள். கேட்கிறவருக்கு முன்பே தெரிந்த சூழல்; யார் பேசுவார், எதை எதிர்பார்க்கலாம் என்பதும் தெரியும்; அதற்குள் புலவர் என்ன புதிதாகச் செய்கிறார் என்பதுதான் பாட்டு. புறநானூற்றில் 336ஆம் பாட்டிலிருந்து மகட்பாற் காஞ்சிப் பாட்டுகள் வரிசைகட்டி வருகின்றன. அவற்றைத் தேய்வழக்கு என்று எந்த உரையாசிரியரும் சொன்னதில்லை. வெறிவிலக்கலில் வழக்கமாகத் தோழி தாய்க்கோ வேலனுக்கோ உண்மையை உணர்த்தப் பார்ப்பாள். நற்றிணை 34இல் அவள் முருகனையே நேராகப் பிடித்துக்கொள்கிறாள்: 'கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற, வாழிய முருகே!' இந்த நோய் உன்னால் வந்ததில்லை என்று தெரிந்தும் வெறிக்களத்துக்கு வந்தாயே, நீ கடவுளாகவே இருந்தாலும் அறியாமை உடையவன்தான் என்கிறாள். துறை அதேதான். ஆனால் அதற்குள் இப்படி ஒரு குரலை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ட்ரோப்பைக் கவிழ்ப்பது என்று இன்று சொல்வது இதைத்தான்.

துறை என்றால் ஆற்றில் இறங்கும் இடமும்கூட. படித்துறை இன்றும் வழக்கில் இருக்கிறது. எல்லோரும் இறங்குவது ஒரே படியில், அவரவர் மொள்வது அவரவர் குடத்தில். இதைவிடப் பொருத்தமான படிமம் கிரேக்க வேரிலும் இல்லை.

மறுப்பு ஒன்று வரும்: துறை என்றால் இன்று வருவாய்த் துறை, பொதுப்பணித் துறை அல்லவா? உண்மைதான். அதனால்தான் 'கதைத்துறை' என்று சேர்த்து எழுதச் சொல்கிறேன். இதைப் புனைவுத் தொழில் என்று யாராவது எடுத்துக்கொள்ளக்கூடும். ஆகவே முதல்முறை வரும்போது 'சாத்தான் ஒப்பந்தம் என்னும் கதைத்துறை' என்று பெயரோடு சேர்த்துச் சொல்லிவிட்டால், பிறகு வெறும் துறை என்றாலே விளங்கும். கட்டளைக் கலித்துறை என்னும் பாவகையைப் படிக்கிற மாணவர் யாரும் அதை அரசு அலுவலகம் என்று நினைப்பதில்லை. தொடர்புச் சொற்களும் தாமாகவே அமைகின்றன. மாற்றாமல் எடுத்தாண்டால் துறைப்படி சொல்லுதல். கவிழ்த்தால் துறை மாற்றுதல். பாத்திரமே அதை வாய்விட்டுச் சொல்லிக்காட்டினால் துறை சுட்டுதல். சலித்துப்போனால் தேய்ந்த துறை, அதாவது தேய்வழக்கு. 'ட்ரோப்' என்றே தமிழெழுத்தில் எழுதிவிடலாம் என்பவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. தவறான தமிழைவிட அது மேல். ஆனால் அதிலிருந்து ஒரு வினையும் பிறக்காது, ஓர் அடையும் ஒட்டாது.

இந்தக் குழப்பத்தின் அடியில் இருப்பது, சொல்லுக்குச் சொல் வைத்தால் மொழிபெயர்ப்பு முடிந்தது என்கிற பழக்கம். அந்தச் சொல் கதைக்குள் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பதில்லை. 1962 மார்ச் 2 அன்று வந்த 'டு சர்வ் மேன்' அத்தியாயம் இதற்குத் தலையாய எடுத்துக்காட்டு. டேமன் நைட் 1950இல் எழுதிய சிறுகதை அதன் மூலம். கனமிட்டுகள் என்னும் வேற்றுக்கிரகவாசிகள் வந்து பசியையும் போரையும் ஒழிக்கிறார்கள். அவர்கள் விட்டுச்சென்ற நூலின் தலைப்பை மட்டும் முதலில் படித்தறிந்து உலகம் நிம்மதியடைகிறது. உள்ளே இருப்பது புரியும்போது நாயகன் அவர்கள் கலத்தில் ஏறிக்கொண்டிருக்கிறான்: அது சமையல் புத்தகம்! தவறாகப் படிக்கப்பட்ட நூல் என்பது இங்கே துறை. அது முழுக்க 'சர்வ்' என்ற ஒற்றை வினையின் இரட்டைப் பொருளில், அதாவது சேவை செய்தல், உணவாகப் பரிமாறுதல் என்ற இரண்டில் தொங்குகிறது. 'மனிதனுக்குச் சேவை செய்ய' என்று தலைப்பைப் பெயர்த்தால் கதை அங்கேயே செத்தது. சேவையிலிருந்து சமையலுக்குத் தமிழில் பாதை இல்லை.

பாதை இல்லாமலும் இல்லை. 'மானுடப் படையல்' என்று வையுங்கள். வேற்றுமையுருபு தொக்கி நிற்பதால், மானுடர்க்குப் படைக்கும் படையல் என்று முதலில் விரியும். பசி தீர்க்க வந்தவர்களின் நூலுக்கு ஏற்ற பெயர். கலத்தின் படியில் அவன் கால் வைக்கும்போது அதே தொடர் மானுடரே படையல் என்று விரிந்துகொள்ளும்.