50-வது புள்ளியில் ஒரு பூட்டு

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "நன்கொடைக்காக என் பிட்காயின் முகவரியை எல்லாருக்கும் தெரியும்படி போட்டேன். இப்போது யார் எவ்வளவு அனுப்பினார்கள், நான் அதை எப்போது எடுத்தேன் என்று முன்பின் தெரியாதவர்கூட விரல் நுனியில் வைத்திருக்கிறார். கிரிப்டோ என்றால் ரகசியம் என்றார்களே?"

சொன்னவர்கள் தவறாகச் சொல்லிவிட்டார்கள். இந்தத் துறையில் உலவும் மூடநம்பிக்கைகளில் முதல் இடம் இதற்குத்தான் என்பேன். பிட்காயின் என்பது உலகமே புரட்டிப் பார்க்கக்கூடிய ஒரு பேரேடு. அதில் பெயர் இருக்காது, முகவரி இருக்கும். அந்த முகவரி உங்களுடையது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் அப்புறம் பழைய வரவு, புதிய வரவு எல்லாமே அம்பலம்தான். இந்த ஆபத்து ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தது. பிட்காயினை உருவாக்கிய சடோஷி நாகமோட்டோ 2008-ல் வெளியிட்ட கட்டுரையே ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதுச் சாவி, அதாவது புது முகவரி, வைத்துக்கொள்ளச் சொல்கிறது.

இன்றைய வாலட்கள், அதாவது பிட்காயின் சாவிகளை வைத்துக்கொள்ளும் செயலிகள், அதைத் தாமாகவே செய்கின்றன. ஒரே மூல ரகசியத்திலிருந்து எத்தனை முகவரி வேண்டுமானாலும் பிறக்கும். ஆனால் ஒவ்வொருவருக்கும் புது முகவரியை யாராவது எடுத்துக் கொடுக்க வேண்டுமே! ஊருக்கெல்லாம் ஒரே முகவரியை அறிவித்துவிட்டு, பணம் மட்டும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் போய் விழ வேண்டும் என்றால்? கேட்கும்போது நடக்காத காரியம்போல இருக்கிறது. நடக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு இது, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு வளைவில் ஒரு தொடக்கப் புள்ளி இருக்கிறது. இரண்டு புள்ளிகளைக் கூட்டி அதே வளைவில் இன்னொரு புள்ளிக்கு வர ஒரு தனி விதி உண்டு. அதை அதனோடே கூட்டினால் இரண்டாவது புள்ளி, இன்னொரு தடவை கூட்டினால் மூன்றாவது. எண்ணைச் சொன்னால் புள்ளியைச் சட்டென்று கண்டுபிடித்துவிடலாம். புள்ளியைக் காட்டி "இது எத்தனையாவது?" என்று கேட்டால் கணினிகள் திணறும். எண்தான் ரகசியச் சாவி, புள்ளிதான் ஊருக்குக் காட்டும் பொதுச் சாவி. கீழே நான் சொல்லப்போவது 7, 11 மாதிரிப் பொடி எண்கள். அவற்றை யாரும் எண்ணிப் பார்த்தே பிடித்துவிடலாம். பிட்காயினில் இந்த எண் 78 இலக்கம் வரை போகும்.

கயல் பணம் பெறுபவள். அவளிடம் இரண்டு ரகசிய எண்கள்: தேடுவதற்கு 7, செலவழிப்பதற்கு 20. அவள் ஊருக்கு அறிவிக்கும் முகவரியில் 7-வது புள்ளியும் 20-வது புள்ளியும் இருக்கும், எண்கள் இருக்காது. பணம் அனுப்பும் மாறனின் ரகசியம் 11. அவனுடைய 11-வது புள்ளி எல்லாருக்கும் தெரியும்.

மாறன் கயலின் 7-வது புள்ளியை எடுத்துத் தன் ரகசியப்படி 11 தடவை கூட்டுகிறான். 77-வது புள்ளி வருகிறது. கயல் மாறனின் 11-வது புள்ளியை எடுத்து 7 தடவை கூட்டுகிறாள். அவளுக்கும் அதே 77! ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் இருவரும் ஒரே இடத்துக்கு வந்துவிட்டார்கள். இரண்டு புள்ளிகளையும் பார்த்துக்கொண்டிருக்கும் மூன்றாம் நபருக்கு 7-ம் தெரியாது, 11-ம் தெரியாது, அவரால் 77-க்கு வர முடியாது. 1976-ல் டிஃபி, ஹெல்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட யோசனை இது. அதை வளைவுகளில் செய்யலாம் என்று 1985-ல் கோப்லிட்ஸும் மில்லரும் தனித்தனியாகச் சொன்னார்கள். அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பிருந்தே இந்த வளைவுகளை "இதனால் என்ன பயன்?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாமலே கணிதவியலாளர்கள் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஆய்வு நிதிக் கோப்பில் அந்தக் கேள்வியை மட்டும் எழுதித் திருப்பி அனுப்புகிறவர்களை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

சரி, கணக்குக்கு வருவோம். 77-வது புள்ளியை ஹாஷ் செய்தால், அதாவது பின்னோக்கிப் போக முடியாத ஒரு கணக்கில் போட்டு அரைத்தால், ஓர் எண் கிடைக்கும், 30 என்று வைத்துக்கொள்வோம். மாறன் 30-வது புள்ளியைக் கயலின் 20-வது புள்ளியோடு கூட்டுகிறான். வருவது 50-வது புள்ளி. பணத்தை அங்கே வைத்துப் பூட்டுகிறான். ஆனால் அந்தப் பூட்டின் சாவி 50 என்பது பூட்டிய மாறனுக்கே தெரியாது! அவனுக்கு 30 தெரியும், 20 தெரியாது. கயலுக்கு இரண்டும் தெரியும்; 20-ம் 30-ம் 50, திறந்துவிடுகிறாள். பேரேட்டில் தெரிவது 50-வது புள்ளி மட்டுமே. அவள் அறிவித்த முகவரிக்கும் அதற்கும் தொடர்பிருப்பதாக வெளியாள் யாராலும் சொல்ல முடியாது.

அந்தரங்கத்துக்குப் பேர்போன மொனேரோ என்ற கிரிப்டோ நாணயம் 2014-ல் தொடங்கியதிலிருந்தே இப்படித்தான் இயங்குகிறது. அங்கே 11-க்குப் பதில் ஒவ்வொரு தடவையும் ஒரு புது எண்ணை உருவாக்கி, அதன் புள்ளியைப் பரிவர்த்தனையோடு சேர்த்து எழுதுவார்கள். பிட்காயினில் 2022-ல் முன்மொழியப்பட்ட 'சைலன்ட் பேமென்ட்ஸ்' முறை இன்னும் சாமர்த்தியமானது. மாறன் செலவழிக்கும் காசுகளின் சாவிகளையே அந்த 11-ஆக எடுத்துக்கொள்கிறது. அவற்றின் பொதுப் பகுதி எப்படியும் பேரேட்டில் தெரியும், அதனால் கூடுதலாக ஒன்றும் எழுத வேண்டியதில்லை. கயலின் முகவரி மட்டும் நூறு எழுத்துக்கு மேல் நீளும்.

கஷ்டம் கயலுக்குத்தான். தனக்குப் பணம் வந்ததை யாரும் சொல்லமாட்டார்கள். பேரேட்டில் பொருந்தக்கூடிய ஒவ்வொரு பரிவர்த்தனையையும் எடுத்து, 7-ஐ வைத்துக் கணக்குப் போட்டு, "இது எனக்கா?" என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கைபேசி வாலட்டுக்கு இது பெரிய சுமை. மொனேரோ 2022 ஆகஸ்டில் ஒவ்வொரு வரவோடும் ஒரு பைட் (256 மதிப்புகளில் ஒன்று) அடையாளம் சேர்த்தது. நமக்கு வராதவற்றில் 256-க்கு 255-ஐ அதை வைத்துப் பாதிக் கணக்கிலேயே தள்ளிவிடலாம். இரண்டு சாவி எதற்கு என்பதும் இங்கேதான் புரியும். தேடும் வேலைக்கு 7 போதும். அதை இணையத்தில் இருக்கும் கணினியில் வைத்துவிட்டு, 20-ஐப் பத்திரமாகப் பூட்டி வைக்கலாம். கணக்கு எழுதுபவரிடம் 7-ஐக் கொடுத்தால் வரவைப் பார்ப்பார், ஒரு பைசா எடுக்க முடியாது.

கேள்வி கேட்டவருக்கு ஒரு எச்சரிக்கை. பிட்காயினில் தொகையும் அனுப்பியவரின் காசுகளும் இந்த முறையிலும் அப்படியே தெரியும். மறைவது பெறுபவர் மட்டுமே. அப்புறம், ஐந்து பேர் அனுப்பிய நன்கொடை ஐந்து வெவ்வேறு புள்ளிகளில் வந்து சேர்ந்திருக்கும். அவசரமாகப் பெரிய தொகை வேண்டுமென்று ஐந்தையும் ஒரே பரிவர்த்தனையில் போட்டுச் செலவழித்தால், ஐந்தும் ஒரே ஆளுடையவை என்று பார்ப்பவர் கணித்துவிடுவார். அந்த ஐந்து பேரில் ஒருவர், தான் பணம் போட்ட புள்ளி யாருடையது என்று அறிந்தவர். மற்ற நாலும் உங்களுடையவைதான் என்று அந்த நிமிடமே அவருக்குத் தெரிந்துவிடும்.