புதிய பயிற்சியாளரும் பழைய தொடைத்தசைகளும்

தொடர் தோல்விகளுக்குப் பிறகு ஒரு கால்பந்து கிளப் தன் தலைமைப் பயிற்சியாளரை நீக்கிவிட்டுப் புதியவரை அமர்த்தும்போது, யாரை வாங்குவார், யாரை விற்பார், எந்த வியூகத்தில் ஆடவைப்பார் என்பதே எங்கும் பேச்சாக இருக்கும். தொழில்முறை அணிகளுடன் இயன்முறை மருத்துவராகப் பணியாற்றும் எனக்கு எழும் முதல் கேள்வி வேறு. இந்த வீரர்களின் கால்கள் இதுவரை எவ்வளவு பளுவைத் தாங்கிப் பழகியிருக்கின்றன என்பதை அவர் கேட்டறிவாரா? அணியைச் சீரமைக்கும் வேலையைப் பெரும்பாலும் கெடுப்பது அவசரம்தான் என்பது என் கருத்து. அதன் விளைவு புள்ளிப்பட்டியலில் தெரியும் முன்பே மருத்துவ அறையில் தெரிந்துவிடும்.

இன்றைய பயிற்சியாளர்களில் பலர், பந்தை இழந்த கணமே பாய்ந்து சென்று அதை மீட்கும் பாணியை விரும்புகிறார்கள். பார்க்க விறுவிறுப்பான ஆட்டம்தான்; ஆனால் குறுகிய இடைவெளிகளில் திரும்பத் திரும்ப முழு வேகத்தில் ஓடவும், சட்டென்று நிற்கவும், திரும்பவும் அது வீரரை நிர்ப்பந்திக்கிறது. முழு வேக ஓட்டத்தில், முன்னே வீசிய பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு, முழங்கால் நீளும் அந்த நொடிப்பொழுதில், பின்தொடைத்தசை நீண்டுகொண்டே பெரும் விசையைத் தாங்க வேண்டியிருக்கிறது. அந்தத் தாங்குதிறன் பல வாரங்களில் படிப்படியாக வளர்வது. பயிற்சியாளர் மாறிவிட்டார் என்பதற்காக ஒரே வாரத்தில் வந்துவிடாது. யூர்கன் க்ளோப் 2015 அக்டோபரில், சீசனின் நடுவில் இங்கிலாந்தின் லிவர்பூல் அணிக்குப் பயிற்சியாளராக வந்தபின், பின்தொடைத்தசைக் காயங்கள் அடுத்தடுத்து வந்தன. 2016 ஜனவரியில் கீழ்நிலை லீக் அணியான எக்ஸிட்டருக்கு எதிரான எஃப்ஏ கோப்பை ஆட்டத்தில் அனுபவமற்ற இளைஞர்களையே பெருமளவு இறக்க நேர்ந்தது. அடுத்தடுத்து வந்த ஆட்டங்களுக்கும் அதில் பங்குண்டு என்றாலும், பெரிய மாற்றத்தைச் சீசனின் நடுவில் தொடங்குபவர் எதிர்பார்க்க வேண்டிய விலை அது. அந்த லிவர்பூல்தான் 2019-இல் சாம்பியன்ஸ் லீகையும் 2020-இல் பிரீமியர் லீகையும் வென்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதைவிடக் குறைவாகப் பேசப்படும் ஆபத்து, பெஞ்சில் ஒதுக்கப்பட்டிருந்த வீரர்களைப் பற்றியது. முந்தையவர் புறக்கணித்தவர்களுக்கு வாய்ப்பளிப்பது புதியவரின் இயல்பு, நியாயமும்கூட. ஆனால் வாரம் ஒரு ஆட்டம் என்ற ஒழுங்கில், ஆட்டம்தான் அந்த வாரத்தின் மிகக் கடுமையான பயிற்சி. மாதக்கணக்கில் அதில் பங்கேற்காதவர் பயிற்சியில் அணியும் ஜிபிஎஸ் கருவியின் பதிவைப் பார்த்தால், ஓடிய மொத்தத் தூரம் மற்றவர்களுக்கு இணையாகவே இருக்கும். முழு வேகத்தில் ஓடிய தூரம் மட்டும் வெகுவாகக் குறைந்திருக்கும். சிறு ஆடுகளத்தில் நடக்கும் பயிற்சி ஆட்டங்களில் அந்த வேகத்தை எட்டவே இடமிருக்காது. இப்படிப்பட்டவரைத் திடீரென்று முழு ஆட்டத்துக்கு இறக்கினால், இரண்டாம் பாதியின் நடுவில் அவர் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காருவதைக் காண வேண்டிவரும். முதலில் கடைசி 20 நிமிடம், பிறகு ஒரு பாதி, அதன்பின் முழு ஆட்டம் என்று ஏற்றிக்கொண்டு போவதும், ஆட்டத்துக்கு மறுநாள் அவருக்குத் தனியாக வேக ஓட்டப் பயிற்சி அளிப்பதும் பாதுகாப்பானது.

பழைய பதிவேடுகள் குப்பைக்குப் போவதையும் கண்டிருக்கிறேன். ஒரு கிளப்பில், புதிய பயிற்சியாளருடன் வந்த உடற்பயிற்சி நிபுணர் முந்தைய குழுவின் கோப்புகளைத் திறந்தே பார்க்கவில்லை. முன்பு தசை கிழிந்த ஒரு விங்கருக்கு (பக்கவாட்டில் ஓடித் தாக்கும் வீரருக்கு) அடுத்தடுத்த நாட்களில் கடும் ஓட்டம் தரக்கூடாது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அதே காலில், அதே இடத்தில் தசை மீண்டும் கிழிந்தது. தன் ஆட்களை அழைத்து வருவது பயிற்சியாளரின் உரிமை. அணியை அறிந்தவர்களை அதற்காக வெளியேற்றத்தான் வேண்டுமா? கிளாடியோ ரனியேரி 2015-இல் லெஸ்டர் சிட்டிக்குப் பயிற்சியாளராக வந்தபோது முந்தைய பயிற்சிக் குழுவின் முக்கியமானவர்களைத் தக்கவைத்தார். வீரர்களுக்கு வாரத்தில் 2 நாள் முழு ஓய்வு தந்தார். பெரிதாக மாறாத அணியுடன் அந்தச் சீசனிலேயே பிரீமியர் லீக் பட்டமும் வென்றார். இதற்கு நேரெதிராக, 1974-இல் லீட்ஸ் யுனைடெட் அணியின் மூத்த வீரர்களைத் தொடக்கத்திலேயே பகைத்துக்கொண்ட பிரையன் கிளஃப் 44 நாட்களில் வெளியேற நேர்ந்தது.

வாரத்தில் 2 ஆட்டங்கள் இருக்கும் காலத்தில், ஆட்டத்துக்கு மறுநாள் மீட்சிக்கும் முந்தைய நாள் இலகுவான ஒத்திகைக்கும் போய்விடுவதால், கற்றுக்கொடுக்க நேரமே மிஞ்சுவதில்லை. ஆகவே முதலில், பந்து எதிரணியிடம் இருக்கும்போது யார் எங்கே நிற்பது என்பதை மட்டும் எடுத்துக்கொள்வதே அறிவுடைமை. அதை நடையிலும் மென்னோட்டத்திலும்கூடப் பயிற்றுவிக்கலாம், தசைக்குச் சேதமில்லை. ஷாபி அலோன்சோ 2022 அக்டோபரில் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றபோது ஜெர்மனியின் லெவர்குசன் அணி லீகின் 8 ஆட்டங்களில் 5 புள்ளிகளுடன் தவித்துக்கொண்டிருந்தது. அவரது முதல் ஆட்டத்தில் ஷால்கவை 4-0 என வென்றது. ஒரு வாரத்தில் பிராங்பர்ட்டிடம் 1-5 எனத் தோற்றது. அந்த வெற்றியையும் அந்தத் தோல்வியையும் வைத்துத் தீர்ப்பெழுதியிருந்தால் இரண்டுமே தவறாகியிருக்கும். அந்தச் சீசனில் 6-ஆம் இடம். அடுத்த சீசனில் 28 வெற்றி, 6 சமநிலை, ஒரு தோல்வியும் இல்லாமல் ஜெர்மனியின் முதல்நிலை லீகான புண்டஸ்லீகா பட்டம்.

வீரர்களை வாங்குவதைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை. சீசனின் நடுவில் வருபவர், வீரர்களை வாங்க அனுமதிக்கப்படும் காலமான பதிவுச் சாளரம் திறக்கும்வரை கையிலிருப்பவர்களைக் கொண்டுதான் ஆடியாக வேண்டும். அந்தக் காத்திருப்பு அவருக்கு நல்லதும்கூட, யார் வேண்டும் என்பது அதற்குள் தெளிந்துவிடும். லெவர்குசனிலும் கிரானித் ஷாக்கா, அலெக்ஸ் கிரிமால்டோ போன்றோர் அடுத்த கோடையில்தான் வந்தார்கள்.

நிர்வாகத்தினருக்கு ஒரு வேண்டுகோள். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே இரண்டு செய்திகளை எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள். வீரர்களின் மருத்துவ, பயிற்சிப் பதிவுகள் கிளப்பிடம் இருக்க வேண்டும், பயிற்சியாளரின் குழுவோடு வந்து அக்குழுவோடு போய்விடக்கூடாது. காயத்திலிருந்து மீண்டவர் ஆடத் தகுதியானவரா என்பதை மருத்துவக் குழு முடிவு செய்ய வேண்டும், அணித் தேர்வை மட்டுமே பயிற்சியாளர் செய்ய வேண்டும். இவ்விரண்டுக்கும் முதல் சந்திப்பிலேயே இசையாத ஒருவரை, அவர் வென்ற கோப்பைகள் எத்தனையாக இருந்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.