றிமோட் ஸ்ரார்ட்டரில் ரேப் சுற்றி ஒதுக்கப்படும் மெல்லிய வயர்கள்

சித்திரை வெயிலில் யாழ்ப்பாண நகரத்துக்குள் நிறுத்திவைத்த காருக்குள் ஏறி இருக்கவே ஏலாது. றிமோட்டை அமத்தி, ஏறுமுன்பே எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணி ஏசியைப் போட்டுவிடும் றிமோட் ஸ்ரார்ட்டர் பெட்டிகளை அதனால்தான் பலர் பூட்டுகிறார்கள். எஞ்சினை ஸ்ரார்ட் பண்ண ஐந்தாறு தடித்த வயர்கள் போதும். ஓடுதுதானே என்று மிச்ச மெல்லிய வயர்களை ரேப் சுற்றி டாஷ்போர்ட்டுக்குள் செருகிவிடும் இடத்தில்தான் ஆபத்துத் தொடங்குகிறது.

தடித்த வயர்கள் ஸ்ரேரிங்குக்குக் கீழே, திறப்புச் சுவிச்சின் பின்னால் இருக்கும். நிறத்தை நம்பாமல் மல்ரிமீற்றரால் ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். திறப்பு எந்த நிலையில் இருந்தாலும் 12 வோல்ற் காட்டுவது பற்றரி லைன். 'ஒன்' நிலையிலும் ஸ்ரார்ட் அடிக்கும்போதும் விடாமல் நிற்பது இக்னிஷன். ரேடியோ நிலையிலேயே வந்து, ஸ்ரார்ட் அடிக்கும்போது விழுவது அக்செசரி. ஸ்ரார்ட் அடிக்கும்போது மட்டும் வருவது ஸ்ரார்ட்டர் வயர். பல கார்களில் இரண்டாவது இக்னிஷன் ஒன்றும் உண்டு. அதைத் தவறவிட்டால் எஞ்சின் நன்றாக ஓடும், ஆனால் ஏசி புளோவர் சுற்றாமல் இருக்கலாம். பெட்டி வாங்கியதே ஏசிக்குத்தான்!

பல்ப் போட்ட ரெஸ்ற் லாம்பை அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். அது இழுக்கும் கரண்டால் எயார்பேக் விரியக்கூடும். மஞ்சள் உறை போட்ட வயர்களைத் தொடவே கூடாது. அளந்து முடிந்ததும் பற்றரியின் நெகற்றிவ் முனையைக் கழற்றி, 90 செக்கனாவது பொறுத்த பிறகே வயரைச் சுரண்டலாம். இணைப்பைச் சொல்டர் பண்ண வேண்டும். வெறுமனே முறுக்கிச் சுற்றிய பிளாஸ்ரிக் ரேப், வெக்கையில் பசை இளகி வழுக்கிவிடும். குருநகர், பருத்தித்துறைப் பக்கத்து உப்புக்காற்றில் செம்பில் பச்சைக் களிம்பு பிடித்து இணைப்புச் சூடாகும். 30 அம்பியர் பியூஸ் எரிகிறதென்று 40 போட்டால், அடுத்து எரிவது வயர்தான்.

மெல்லிய வயர்களில் ஒன்று பிரேக் சுவிச்சுக்கு, ஒன்று பொனற் திறந்திருக்கிறதா என்று காட்டும் சுவிச்சான பொனற் பின்னுக்கு, ஒன்று எஞ்சின் சுற்றைப் பார்க்க. சுற்றைப் பார்க்காவிட்டால் எஞ்சின் பிடித்த பிறகும் ஸ்ரார்ட்டர் அரைபட்டுப் பல்லுத் தேயலாம். பொனற் பின் இல்லாவிட்டால், மெக்கானிக் பெல்ற்றில் கை வைத்திருக்கும் நேரம் வீட்டுக்குள் பிள்ளை றிமோட்டை அமத்தினால் விரல் போய்விடும்.

காரை எடுக்குமுன் கராஜிலேயே வடிவாகச் சோதியுங்கள். பொனற்றைத் திறந்து, எட்ட நின்று றிமோட்டை அமத்தினால் எஞ்சின் அசையக்கூடாது. றிமோட்டில் ஓடும்போது, திறப்புப் போடாமல் பிரேக்கை மிதித்தால் உடனே நிற்க வேண்டும். சிப் திறப்புக் கார்கள் அந்தச் சிப் கிட்ட இல்லாமல் ஓடாது என்பதால், மேலதிகத் திறப்பொன்றை டாஷ்போர்ட்டுக்குள் ஒளித்து வைப்பார்கள். அது, களவைத் தடுக்கும் இமொபிலைசரைக் கள்ளனுக்குத் திறந்துவிட்ட மாதிரி. புஷ் ஸ்ரார்ட், ஹைபிரிட் கார்களில் இப்படி வயரைச் சுரண்டி இணைக்கவே கூடாது, அவற்றுக்கு அந்தந்த மொடலுக்கான மொடியூல் வேண்டும்.

மனுவல் காருக்கு இதைப் பூட்டவே வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து. கியரில் போட்டு நிறுத்துவது இங்கே பலருக்குப் பழக்கம். றிமோட்டை அமத்தினால் கார் முன்னால் பாயும், எஞ்சின் பிடித்தால் சுவரில் முட்டும்வரை ஓடும். 'நியூட்ரலை உறுதிப்படுத்தும் ஏற்பாடு பெட்டியிலேயே இருக்குது' என்று விற்பவர் சொல்வார். நியூட்ரலில் விட்டு இறங்கிய பிறகு கதவு திறக்கவில்லை என்றால் கியரும் மாறவில்லை என்று எடுத்துக்கொண்டு, அது கதவுச் சுவிச்சுகளை நம்பித்தான் வேலை செய்கிறது. பழைய காரின் கதவுச் சுவிச்சுகளைப் பற்றிச் சொல்லவா வேண்டும்?

ஓடும் நேரத்தை 5 நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள். படுக்கையறை யன்னலை ஒட்டிய போட்டிக்கோவிலும் மூடிய கராஜிலும் றிமோட்டைப் பாவிக்கவே வேண்டாம், காபன் மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது.

பூட்டி அரை மணித்தியாலம் கழித்து, எல்லாம் நிறுத்திய நிலையில் பற்றரியிலிருந்து போகும் கரண்டையும் அளக்கச் சொல்லுங்கள். 50 மில்லிஅம்பியருக்குள் நின்றால் சரி. 200 இழுத்தால், வெளிநாட்டிலிருந்து வருபவருக்காக நிறுத்தி வைத்த சின்னக் காரின் 35 அம்பியர் மணித்தியாலப் பற்றரி ஒரு கிழமையில் இறங்கிவிடும்.