பாலைவனத்துக்கு கேமரா தூக்கிட்டுப் போறவங்களுக்கு

ராஜஸ்தான்ல ஜெய்சல்மர் பக்கம் போறேன், எந்த லென்ஸ் எடுத்துட்டுப் போகட்டும்னு நிறைய பேர் கேக்குறாங்க. லென்ஸ் எதுவா வேணா இருக்கட்டும்ங்க, முதல்ல ஜீப் டிரைவர்கிட்ட தடத்தை விட்டு வண்டிய இறக்க வேண்டாம்னு சொல்லிடுங்க.

தார் பாலைவனம்னா வெறும் மணல் மேடுன்னு நினைச்சுட்டுதான் எல்லாரும் வர்றாங்க. ஆனா அங்க புல்லு முளைச்ச சமவெளியும் நிறைய, கானமயில்ங்கற பெரிய பறவை (அந்த ஊர்க்காரங்க கோடாவண்னு சொல்வாங்க) முட்டை வைக்கிறது அந்தத் தரையிலதான். கூடு கட்டாது. பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை, அடைகாக்குறதும் தாய் மட்டும். நாம கிட்டப் போனா அது எந்திரிச்சு நடந்துரும், நாம எடுத்த படத்தை ஸ்கிரீன்ல பெருசாக்கிப் பாத்துட்டு இருப்போம், அங்க முட்டை கோடை வெயில்ல கிடக்கும், காக்கா நரி கண்ணுல பட்டா அவ்வளவுதான். மொத்தமே 200க்கும் கீழதான் மிச்சம் இருக்கற பறவைங்க இது. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு, தொந்தரவு பண்றது குற்றம்.

ஒரு தடவை தூரத்துல ஒண்ணு மேஞ்சுட்டு இருந்துச்சு. எங்க ஜீப் இன்னும் கொஞ்சம் நகர்ந்ததும் சட்டுனு கழுத்தை நேரா நீட்டி அப்படியே நின்னுருச்சு, மேய்ச்சலும் இல்ல நடையும் இல்ல. அழகா போஸ் கொடுக்குதுன்னு பின்சீட்ல ஒருத்தர் சொன்னார். அது போஸ் இல்லங்க, பயம். இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு அது தலையக் குனியற வரைக்கும் காத்திருந்தோம், அப்புறம் பின்வாங்கிட்டோம். படத்துல பறவை சின்னதாதான் இருக்கு, சுத்தி முழுக்க புல்லு, எனக்கு அதுதான் பிடிச்ச படம்.

படத்தை போஸ்ட் பண்ணும்போது லொகேஷனை நீக்கிடுங்க, அதைப் பாத்து இன்னும் நாலு ஜீப் அங்க போகக் கூடாது, இது ரொம்ப முக்கியம்.

மனுஷங்களுக்கும் இதேதான். முக்காடு போட்டுட்டு தண்ணி எடுத்துட்டு வர்ற பெண்களை தூரத்துல இருந்து ஜூம் பண்ணி எடுக்காதீங்க, கேட்டுட்டு எடுங்க, வேண்டாம்னு கையசைச்சா கேமராவ இறக்கிடுங்க. ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருத்தரை எடுத்தப்போ பிரிண்ட் தர்றேன்னு சொல்லிட்டு வந்தேன், மறு வருஷம் கொண்டு போய்க் கொடுத்தேன். படத்தை வெயிலுக்கு மறைச்சு ரொம்ப நேரம் பாத்தார், அப்புறம் தரையில பதிஞ்சிருந்த குள்ளநரித் தடத்தைக் கம்பால காட்டி, வளை இருக்கற மேட்டுக்கு ரொம்ப முன்னாடியே கோடு போட்டு, இங்கயே உக்காருன்னு சொன்னார். சாயங்காலம் வரைக்கும் அங்கயே உக்காந்திருந்தேன்.