கூப்பிடுவதாக இருந்தேன்: நடக்காத திட்டத்துக்கு ஆங்கிலத்தில் எந்த வினை?

'நேற்று உன்னைக் கூப்பிடுவதாக இருந்தேன்.' கூப்பிடவில்லை என்பது சொல்லாமலே புரிந்துவிடுகிறது. இதையே ஆங்கிலத்தில் சொல்லும்போது பலர் 'ஐ உட் ஹேவ் கால்டு யூ' என்கிறார்கள். சறுக்குவது அங்கேதான். 'உட் ஹேவ்' திட்டத்தைச் சொல்லாது, நிபந்தனையின் பின்பாதியைச் சொல்லும்: 'நம்பர் இருந்திருந்தால் கூப்பிட்டிருப்பேன்.' முன்பாதி பேச்சில் எங்குமே இல்லையென்றால், என்ன தடுத்தது என்று கேட்பவர் காத்திருப்பார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 'இந்நேரம் போயிருப்பான்' என்பது தமிழில் ஊகம். அதற்கும் 'உட் ஹேவ் கான்' போட்டால், போகவில்லை என்று பொருள் திரும்பிவிடலாம். ஊகத்துக்கு 'மஸ்ட் ஹேவ் கான்' பாதுகாப்பானது.

சொந்தத் திட்டத்துக்கு உரியது 'வாஸ் கோயிங் டு'. 'ஐ வாஸ் கோயிங் டு கால் யூ.' வேடிக்கை என்னவென்றால், திட்டம் தவறியது என்று இந்தத் தொடர் தன்னளவில் சொல்வதே இல்லை. செய்து முடித்திருந்தால் 'கூப்பிட்டேன்' என்றே சொல்லியிருப்பாரே என்று கேட்பவர்தான் கணக்குப் போடுகிறார். மொழித் தத்துவ அறிஞர் பால் கிரைஸின் 1975ஆம் ஆண்டுக் கட்டுரை விளக்கும் குறிப்புப்பொருள் இந்த வகைதான். அதை ரத்துசெய்யவும் முடியும்: பின்னால் 'அண்ட் ஐ டிட்' சேர்த்தாலும் வாக்கியம் முரண்படாது.

'வாஸ் டு ஹேவ்' அப்படியல்ல. 'த மீட்டிங் வாஸ் டு ஹேவ் ஸ்டார்ட்டட் அட் டென்' என்றால் பத்து மணிக்குக் கூட்டம் தொடங்கவில்லை, பேச்சு முடிந்தது. எழுத்து நடைக்குத்தான் இது பொருந்தும். நடுவில் உள்ள 'ஹேவ்' விழுந்தால் ஆபத்து: 'ஹீ வாஸ் டு பிகம் கிங்' என்று படிப்பவர், அவர் பின்னாளில் அரசரானார் என்றே எடுத்துக்கொள்ளக்கூடும்.

ஏற்பாடு பிறருடையதோ அட்டவணையுடையதோ என்றால் 'வாஸ் சப்போஸ்டு டு'. பேச்சில் 'டு'வோடு கரைந்துவிடுவதால், எழுதும்போது 'சப்போஸ்டு' என்பதன் கடைசி 'டி' எழுத்தை விட்டுவிடுகிறார்கள். அது பிழை.

'வாஸ் அபௌட் டு' கடைசி நொடிக்கானது: 'ஐ வாஸ் அபௌட் டு லீவ் வென் த ஃபோன் ராங்.' 'போன வாரம்' போன்ற அகலமான காலச்சொல் அதனோடு ஒட்டாது. 'விழப் பார்த்தேன்' என்பதற்கும் இதைப் போடுவதைவிட 'நியர்லி ஃபெல்' இயல்பு. விழ யாரும் திட்டமிடுவதில்லையே.

பணிவாக மறுக்க 'ஹேட் ஹோப்டு டு கம்' நல்லது. 'ஹேட் ஹோப்டு டு ஹேவ் கம்' என்று இன்னொரு 'ஹேவ்' வேண்டாம். நிறைவேறாமை முதல் 'ஹேட்'டிலேயே தெரிந்துவிடுகிறது. 'ஹேவ் பீன் மீனிங் டு' என்றாலோ கதவு இன்னும் மூடவில்லை: செய்யவில்லை, ஆனால் எண்ணம் இருக்கிறது.

எதிர்மறையில் எல்லாம் தலைகீழ். 'ஐ வாஸன்ட் கோயிங் டு சே எனிதிங், பட்...' என்று ஒருவர் தொடங்கினால், சொல்லப் போகிறார் என்று அர்த்தம்.