ரோல்ஓவர் வேற, ரோல்பேக் வேற: மறுசுற்றும் பின்மீட்பும்

பினாங்குல சிப்பு ஃபேக்டரிங்க இருக்கிற பாயான் லெப்பாஸ்ல வேலை செய்யிற நம்ம பிள்ளைங்க நிறைய பேரு ரோல்ஓவர், ரோல்பேக்ங்கிற இந்த ரெண்டு சொல்லையும் தமிழ்ல சொல்லணும்னா 'திரும்பிடுச்சு'ன்னு ஒரே சொல்லுல முடிச்சிடுறாங்க, எனக்கு அது மனசுக்கு ஒப்பல, ஏன்னா ஒண்ணு முன்னாடி போறது, இன்னொண்ணு நெசமாவே பின்னாடி வர்றது.

ரோல்ங்கிற சொல்லுக்கு மூலம் லத்தீன்ல 'ரோட்டா', அதாவது சக்கரம். அப்பாவோட கப்சாய் மோட்டார் மீட்டர்ல அஞ்சு சக்கரம். 99999 வந்தன்னைக்கு பட்டர்வொர்த் ரோட்டோரமா நிறுத்தி என்னைப் பாக்கச் சொன்னாரு, மெதுவா உருட்ட உருட்ட அஞ்சு ஒன்பதும் ஒண்ணா மேல ஏறி அஞ்சு சைபர் வந்து உக்காந்துச்சு. வண்டி ஓடுனது குறையல, மீட்டர்ல இடம் தீந்துச்சு, அவ்ளோதான். இதுதான் ரோல்ஓவர்.

கம்ப்யூட்டர் சிப்புக்குள்ள இருக்கிற செயல்திறன் எண்ணியும் (பெர்ஃபார்மன்ஸ் கவுண்டர்) இதே மாதிரிதான், எத்தனை சைக்கிள், அதாவது சிப்போட கடிகாரத் துடிப்பு, ஓடுச்சு, எத்தனை தடவை கேஷ்ங்கிற பக்கத்து மெமரியில டேட்டா கிடைக்கலன்னு எண்ணிக்கிட்டே போகும், 32 பிட்னா, அதாவது 0, 1 எழுத 32 இடம் இருந்தா, 429 கோடி சொச்சத்துல நிறைஞ்சிடும், 3 கிகாஹெர்ட்ஸ்ல, அதாவது செகண்டுக்கு 300 கோடி துடிப்புல, சைக்கிள் எண்ணுனா ஒன்றரை செகண்டு கூட தாங்காது, 48 பிட்னா 26 மணி நேரம் தாங்கும். கெர்னல், அதாவது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதி, என்ன பண்ணும்னா போன தடவை பாத்ததை இப்ப பாக்குறதுலேர்ந்து கழிச்சு, வித்தியாசத்தை மட்டும் தன்கிட்ட இருக்கிற 64 பிட் கணக்குல சேத்துக்கும். அப்பாவோட மீட்டர் மாதிரி அஞ்சு இலக்கத்துலயே பாப்போம்: போன தடவை 99990, இப்ப 12, ஒரு லட்சத்தைக் கூட்டிக் கழிச்சா 22, சரியா வந்துடுச்சு பாருங்க! ஆனா நடுவுல ரெண்டு சுத்து போயிட்டா யாராலயும் கண்டுபிடிக்க முடியாது, அதனாலதான் நிறையும்போதே இன்டரப்ட், அதாவது வேலையை நிறுத்திக் கெர்னலைக் கூப்பிடுற சிக்னல், வர்ற மாதிரி வச்சிருக்காங்க. இதுக்கு நான் சொல்ற தமிழ் 'மறுசுற்று'. சிலர் 'வழிதல்'னு எழுதுறாங்க, அது ஓவர்ஃப்ளோவுக்குப் பொருந்தும், ஆனா இங்க கொட்டிப்போறது எதுவும் இல்லயே, அடுத்த சுத்துதான ஆரம்பிக்குது.

ரோல்பேக் அப்படி இல்ல. நான் வாங்குன செகண்ட் ஹேண்ட் காடியில மீட்டர் 60000ன்னு காட்டுச்சு, ஸ்டியரிங் தோலும் பிரேக் பெடல் ரப்பரும் வழவழன்னு தேஞ்சு கிடந்துச்சு, மெக்கானிக் அண்ணன் பாத்த உடனே 'தம்பி, மீட்டரைப் பின்னாடி சுத்திட்டான்'னாரு.

சிப்புல இதைச் செய்யிறது ஏமாத்துக்காரன் இல்ல, வேணும்னே அப்படி வடிவமைச்சது. 2013ல வந்த இன்டெலோட ஹாஸ்வெல் சிப்புல டிரான்சாக்‌ஷனல் மெமரின்னு ஒண்ணு வந்துச்சு, பல வேலையை ஒரே மூட்டையாக் கட்டி, முழுசா முடிஞ்சா மட்டும் ஏத்துக்கிறது, அந்த மூட்டைதான் டிரான்சாக்‌ஷன் பாதியில முறிஞ்சா அதுக்குள்ள நடந்த எல்லாம் செல்லாது, அதுக்குன்னு அமைச்ச எண்ணியும் ஆரம்பிச்ச எண்ணுக்கே திரும்பிடும். இதை மறுசுற்றுன்னு நெனச்சு அதே கழித்தலைப் போட்டா, அதே அஞ்சு இலக்கக் கணக்குல 500லேர்ந்து 480க்கு வந்தது 99980 கூடுன மாதிரி ஆயிடும். இதுக்கு 'பின்மீட்பு' சரியா இருக்கும், ஏன்னா பழைய நிலையைத்தான மீட்டுக் கொண்டு வருது.

இன்னும் ஒரு சிக்கல் இருக்கு, எண்ணி நிறைஞ்சு இன்டரப்ட் வந்தா அந்த இன்டரப்டே டிரான்சாக்‌ஷனை முறிச்சிடும், உடனே எண்ணி பின்மீண்டு, நிறைஞ்சதுக்கு அடையாளமா இருந்த பிட்டும் அழிஞ்சிடும். கெர்னல் வந்து பாத்தா தடயமே இருக்காது. அதனால லினக்ஸ்ங்கிற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட கெர்னல்ல இந்த வகை எண்ணிய மட்டும் பிட் இருக்கோ இல்லையோ ஒவ்வொரு தடவையும் கட்டாயமா நேர்ல போய் பாத்துட்டு வர்ற மாதிரி எழுதியிருக்காங்க.